ஜீப்பை விட்டு இறங்காத வக்கீலுக்கு

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னமே சொல்லிவிட்டேன், கண்ணு. நீ வக்கீலாவாய் என்று உனக்குப் பால்பல் விழுவதற்கு முன்பே சொன்னேன், ஆனாய். மெட்ராசுக்குப் போவாய் என்றேன், போனாய். திரும்பி வருவாய் என்றேன், சேலத்துக்கு வந்து போர்டு மாட்டினாய். நல்லம்மாவின் வழக்கில் தோற்பாய் என்றேன், தோற்றாய். ஒருநாள் அந்தக் கறுப்பு அங்கியைக் கொண்டுவந்து நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, பெங்களூரில் ஏதோ கம்பெனியில் ஒப்பந்தக் காகிதம் படித்துப் பார்க்கிற வேலைக்குப் போகிறேன் என்று நிற்பாய் என்றும் சொன்னேன். உன் சித்தி அடுப்படியிலிருந்து, "இதெல்லாம் எப்பச் சொன்னீங்க, யார்கிட்டச் சொன்னீங்க?" என்று கேட்கிறாள். மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மலையில் ஜீப் ஓட்டுகிறவனுக்கு அடுத்த வளைவில் என்ன வரும் என்பது இந்த வளைவிலேயே தெரிந்துவிடும். அந்தக் கண் எனக்கு உண்டு என்பதை ஏற்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது உனக்குத் தெரியும். வக்கீலுக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று நீ கேட்கலாம். கேட்க மாட்டாய், நீ நல்ல பிள்ளை. ஆனாலும் சொல்கிறேன். இத்தனை வருசமாக ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு இந்த மலை முழுக்கச் சுற்றியவன் நான். நீதிபதிகளை ஏற்றியிருக்கிறேன், டாக்டர்களை ஏற்றியிருக்கிறேன், ஒரு மந்திரிகூட என் ஜீப்பில்தான் வந்தார். சரி, மந்திரி இல்லை, மந்திரியின் மச்சான். பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறவன் தன்னோடு சமாதானமாக இருக்கிறானா இல்லையா என்பதைக் கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடுவேன். சமாதானமாக இருக்கிறவன் வெளியே பார்த்துக்கொண்டு வருவான். இல்லாதவன் கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருவான். நீ சேலத்திலிருந்து என் வண்டியில் ஏறும்போதெல்லாம் கண்ணாடியைத்தான் பார்த்தாய், சாமி. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அங்கியை மாட்டிய அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "நான் இதுக்கு லாயக்கு இல்லை சித்தப்பா. அப்பா கடைசியாக் கேட்டதையும் செய்ய முடியலை, இங்க வந்தும் ஒண்ணும் செய்ய முடியலை" என்றாய். உன் அப்பா, என் அண்ணன், கடைசியாகக் கேட்டதை உனக்குச் சொன்னவன் நான்தான். காப்பிப் பழத் தோல் உரிக்கிற மெஷினை அவன் ஓட்டிய பல்பர் வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் என் ஜீப்தான். சாயங்கால மஞ்சு ரோட்டை மூடியிருந்தது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அவன் கண் திறந்து, என் தோளைத் தொட்டு, "எம் பையன் கறுப்புக் கோட்டு போடணும், மெட்ராஸ் ஐகோர்ட்டுல நிக்கணும்" என்றான். இதை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒருதடவை, நீ பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது, "போன தடவை பத்தாவது வளைவுன்னீங்க, இப்பப் பதினஞ்சாவதுங்கறீங்க" என்று குறுக்கே கேட்டாய். "மஞ்சுல வளைவு தெரியுமாடா" என்று உன்மேல் கோபப்பட்டேன். பிறகு ஸ்டாண்டில் எல்லோரிடமும் போய், என் மகன் இப்போதே குறுக்கு விசாரணை செய்கிறான் என்று பெருமை பேசினேன்.

அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு நீ மெட்ராசுக்குப் போனாய். அங்கே ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தாய். முதல் தடவை லீவுக்கு வந்தபோது நீ பேசுவதற்கு முன் தொண்டையைக் கனைத்தாய். உனக்குச் சளி என்று நினைத்து உன் சித்தி மிளகுக் கஷாயம் போட்டாள். சளி இல்லை, அது உன் சீனியரின் கனைப்பு. பிறகு நடை மாறியது. "ஏனுங்க" போனது. ஊடு என்று ஒருதரம் வாய் தவறிச் சொல்லிவிட்டு, வீடு என்று திருத்திக்கொண்டாய். கேட்டுக்கொண்டிருந்தது நானும் உன் சித்தியும் மட்டும்தான். அப்பா என்ன செய்தார் என்று அங்கே கேட்டவர்களிடம் எஸ்டேட் மேனேஜர் என்று சொல்லிவைத்திருந்தாய். அதை நீயாகக் கண்டுபிடிக்கவில்லை. உன் சீனியர் குடும்பத்தோடு ஏற்காடு பார்க்க வந்தபோது, அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, "இந்த எஸ்டேட் பூரா எங்கண்ணன் கையிலதாங்க இருந்துச்சு" என்று சொன்னவன் நான். நீ பின்னால் உட்கார்ந்திருந்தாய். மறுத்துச் சொல்லவில்லை. அன்றைக்கு உன் அப்பனைப் பல்பர் வீட்டிலிருந்து நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து வெளியே தள்ளிவிட்டோம்.

நல்லம்மாவை உன் ஆபீசுக்குக் கூட்டி வந்ததும் நான்தான். தலைச்சோலையில் அவளுக்கு இருக்கிற காப்பிக் காடு ஒரு கைப்பிடி அளவு. அதற்குப் போகிற ஒற்றையடித் தடம், பக்கத்துக் காட்டை யாரோ வாங்கிக் காட்டேஜ் கட்டியதும் கம்பி வேலிக்குள் போய்விட்டது. வருசக்கணக்காக நடந்த தடத்தை மறிக்கக் கூடாது என்று வழக்குப் போட வேண்டும். எஸ்டேட்டில் பழம் பறித்து உன் அப்பனின் பல்பருக்குச் சுமந்து வந்தவள் அவள். தாயில்லாத பிள்ளை என்று எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் உனக்குக் களி கிண்டிப் போட்டவள். உன்னைப் பல்பர்க்குட்டி என்று முதலில் கூப்பிட்டதும் அவள்தான். உன் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் முகத்தில் ஒரு சிரிப்பு தயாராக இருந்ததை நான் பார்த்தேன். உள்ளே உன் ஜூனியர் பையனும் வேறொரு வக்கீலும் இருந்தார்கள். நீ அவளைப் பார்த்தாய். அவள் உன்னைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு என்னவோ புரிந்துவிட்டது. சிரிப்பை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, "கும்புடறனுங்க வக்கீலய்யா" என்றாள்.

நீ உட்காரச் சொன்னாய்; அவள் உட்காரவில்லை. எந்தப் பக்கமிருந்து மூட்டை வரும், மழைக்காலத்தில் எங்கே வழுக்கும், யார் யார் அதில் நடந்தார்கள் என்று அவள் சொல்லத் தொடங்கினாள். "அதெல்லாம் வேண்டாம்மா. ஆவணம் ஏதாவது இருக்கிறதா?" என்று மேடையில் பேசுகிற தமிழில் கேட்டாய். அவள் கையில் இருந்தது பட்டா மட்டும். நடந்த காலுக்கு யார் ஆவணம் கொடுப்பார்கள்? திரும்பி வருகிற வழியில் எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. "என்ன அய்யா, கொய்யா? உங் கையில தின்னவன்தானே அவன்?" என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உடுங்ணா. பையனுக்கு என்னமோ சங்கடமா இருக்குது. நாம எதுக்கு எடைஞ்சலு."

கண்ணு, கட்சிக்காரர் பேசும்போது வக்கீலுக்கு இரண்டு காதும் அவர் பக்கம் இருக்க வேண்டும் என்பது எனக்கே தெரியும். உன் ஒரு காது, உன் குரலில் மலைவாடை வருகிறதா என்று உன்னையே கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு காது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த வக்கீல் என்ன நினைக்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தது. நல்லம்மாவுக்கு மிச்சமே இல்லை. கோர்ட்டிலும் இதைத்தான் பார்த்தேன். வாதத்தின்போது, "இந்தப் பாதையை வேறு யார் யார் பயன்படுத்தினார்கள்?" என்று நீதிபதி பச்சைத் தமிழில் கேட்டார். பின்வரிசையில் இருந்த எனக்கே விளங்கியது. நீ ஏதோ ஒரு தீர்ப்பின் பெயரைச் சொல்லி, கனைத்து, நீளமாக இங்கிலீஷ் பேசினாய். அழகாகத்தான் இருந்தது. நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அதற்கெல்லாம் முன்னால் நடந்த அந்த ஒரு நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை பேசவில்லை. இப்போது பேசித்தான் ஆக வேண்டும். இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க, கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது. இரண்டு பக்க வக்கீல்களும் கூட நடந்து, இதைப் பாருங்கள், அதைப் பாருங்கள் என்று காட்டலாம். காலையில் உன்னை ஏற்றிக்கொண்டு தலைச்சோலைக்கு வந்தேன். கமிஷனரும் சர்வேயரும் இறங்கி நின்றார்கள். அந்தப் பக்க வக்கீல் குடையோடு வந்திருந்தார். மேட்டுக்கு மேலே எஸ்டேட் பெண்கள் களை வெட்டப் போய்க்கொண்டிருந்தார்கள். நீ அவர்களைப் பார்த்தாய். "தலை வலிக்குது சித்தப்பா. என்னென்ன பார்க்கணும்னு மெமோ எழுதிக் குடுத்திருக்கேன், அவங்க பார்த்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பின் படுதாவை இறக்கிவிட்டுக்கொண்டாய். உனக்குத் தலைவலி இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த மேட்டிலிருந்து யாராவது "பல்பர்க்குட்டி வந்திருக்கான் பாருங்கடி" என்று கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உன் வலி.

நீ இறங்கியிருந்தால் எங்கே போயிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நேராகச் சுமைதாங்கிக் கல்லுக்குப் போயிருப்பாய். தலைச்சுமையோடு ஏறுகிறவர்கள், தூக்கிவிட ஆள் இல்லாமலே மூட்டையைச் சாய்த்து வைத்து மூச்சு வாங்க, மார்பு உயரத்துக்கு நட்டிருக்கிற கல். உண்ணிச்செடி மூடிக் கிடந்தது. அதன் மேல் உன்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுத்தான் நல்லம்மா வெற்றிலை போடுவாள். ஆள் நடக்காத இடத்தில் எவனும் சுமைதாங்கி நட மாட்டான் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உன் மெமோவில் அந்தக் கல் இல்லை. எழுதினால், உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தாயா?

நீ இறங்கவில்லை என்றதும் நான் இறங்கினேன். சும்மா இருந்திருக்கலாம். கமிஷனரின் பின்னாலேயே ஓடி, "அய்யா, இந்தப் பக்கம் ஒரு கல்லு இருக்குதுங்க, வந்து பாருங்க" என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் அவர் வந்திருப்பார். ஒரு கால் எடுத்தும் வைத்தார். என் வாய் நிற்குமா? "சாதாரணக் கல்லு இல்லீங்க. அந்தக் காலத்துல வேட்டைக்கு வந்த ராஜா ஒருத்தரு இதுமேல ஒக்காந்துதான் எளநி குடிச்சாரு" என்றேன்.

"மலைமேல எளநி எப்படிங்க வந்துச்சு?" என்றார் கமிஷனர்.

"யானை மேல வந்துச்சுங்க."

சர்வேயர் சிரித்தார். குடை வக்கீல் சிரித்தார். "சரிங்க, ராஜா கல்லை இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று கமிஷனர் காலைத் திருப்பி, குடை வக்கீல் காட்டிய சிமென்ட் பாதையில் போய்விட்டார். நல்லம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். இருந்த கல்லை நானே ராஜாவின் பெயரால் இல்லாமல் ஆக்கிவிட்டேன். தடம் இருந்ததற்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை என்று அறிக்கை வந்தது. அதையே பிடித்துக்கொண்டு தீர்ப்பு வந்தது.

இன்னொன்று உனக்குத் தெரியாது. அந்தப் பெண்கள் நம் ஜீப்பைப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஒருத்திகூடக் கூப்பிடவில்லை. எனக்கு அப்போது அது விளங்கவில்லை. தீர்ப்புக்குப் பிறகுதான் அதில் ஒருத்தி சொன்னாள்: முதல் நாளே நல்லம்மா லைன் லைனாகப் போய், "நாளைக்கு அவன் வருவான். பெரிய வக்கீலாட்ட வருவான். யாரும் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் போடாதீங்க, சாமிக்கு வெக்கமாப் போயிரும்" என்று சொல்லிவைத்தாளாம். நீ இறங்கியிருந்தாலும் யாரும் உன்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நீ எதற்குப் பயந்து உள்ளே உட்கார்ந்திருந்தாயோ, அந்தப் பயத்தை அவள் முன்னாடியே போய் அகற்றி வைத்திருந்தாள். அவள் காட்டுக்குப் போகிற தடத்தை மறித்த வேலியை நம்மால் அப்படி அகற்றிக் கொடுக்க முடியவில்லை. இதைக் கேட்ட அன்றைக்கு நான் சவாரி எடுக்கவில்லை. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏரிக்கு அடியில் அரண்மனை இருக்கிறதா என்று ஒரு குடும்பம் வந்து கேட்டது. இல்லை என்று சொன்னேன். என் ஆயுசில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நீ சட்டம் படிக்காததால் தோற்கவில்லை. அதில் நீ கெட்டிக்காரன். பத்து வக்கீலுக்குச் சமம் என்று நான் ஸ்டாண்டில் சொல்வதில் மிகை கொஞ்சம்தான். உன்னை உனக்குப் பிடிக்காததால் தோற்றாய். தன்னைப் பிடிக்காதவன் எப்போதும் எதையாவது மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கை மூடிக்கொண்டே இருந்தால் வேலை செய்ய ஒரு கைதானே மிச்சம்? உன் வழக்குக்காகச் சேலம் கோர்ட்டில் காத்துக்கிடந்த நாட்களில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். வயசான வக்கீல், அங்கி வெளுத்துப் போயிருந்தது. நீதிபதி ஏதோ கேட்டார். அந்த அம்மா, "எனக்குத் தெரியலைங்க அய்யா. மத்தியானத்துக்குள்ள பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு பேர் முன்னால் தெரியாது என்று சொல்லலாமா? மத்தியானம் வந்து சொன்னார். சொன்னதை நீதிபதி அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்கிறவர், தெரியும் என்றால் தெரியும்தானே. உன் பக்கத்தில் வந்து, "பாத்தியா?" என்றேன். "அவங்களுக்கு என்ன, இனிமே எதுக்கும் ஆசைப்படற வயசு இல்லை" என்றாய். காரணம் வயசு இல்லை, கண்ணு. அந்த அம்மாவுக்கு வேறு யாராகவும் ஆக வேண்டிய வேலை இல்லை. அதனால் கட்சிக்காரருக்கு முழு ஆளாக நின்றார்.

பெரிதாகப் பேசுகிற நீங்கள் மட்டும் என்ன ஒழுங்கு என்று நீ கேட்பாய். நான் பொய் சொல்கிறவன்தான். ஆனால் எட்டாம் வகுப்பை மறைத்ததில்லை. சறுக்கி வண்டியைப் பள்ளத்தில் விட்டதை மறைத்ததில்லை. என் கதையெல்லாம் கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி, விசேஷம் முடிந்தால் எடுத்துப்போட்டுவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அதற்குள் குடியேறிவிடுவாய் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்த எனக்கு அது மட்டும் தெரியாமல் போனது.

உன் அப்பனைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற அந்த மெஷினை ஓட்டுகிறவனாகச் சேர்ந்தான். கடைசிவரை அதையே ஓட்டினான். கணக்குத் தெரிந்தவன் என்று ரைட்டர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். நான் குதித்தேன். நாற்காலி, மேஜை, பேனா. எங்கள் வீட்டில் எவனும் அதுவரை நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அவன் போகவில்லை. "எனக்கு இந்தச் சத்தம் போதும்டா" என்றான். பழம் விழுகிற சத்தத்தை வைத்தே எங்கே கல் மாட்டியிருக்கிறது என்று சொல்லுவான். முதலாளி வந்து நின்றால்கூட, போட்ட பழம் தீருகிறவரை திரும்ப மாட்டான். "சித்த இருங்க, முடிச்சுட்டு வாரேன்" என்பான். அதில் திமிர் இல்லை, பயமும் இல்லை. முதலாளியும் நிற்பார். ஈரத்தில் ஊறி வெளுத்த அந்தக் கைகளை அவன் யார் முன்னாலும் மறைத்ததில்லை. மறைத்தவன் நான். நாற்காலி வேண்டாம் என்றவனின் தம்பி என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் அவன் போன பிறகு அவனை மேனேஜர் ஆக்கினேன். என் மற்றப் பொய்களெல்லாம் விளையாட்டு. இது ஒன்று மட்டும் வெட்கத்தில் பிறந்தது. அதுதான் உன்மேல் ஒட்டிக்கொண்டது.

பெங்களூர் வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. பிடித்துப் போனால் போ. ஒளிந்துகொள்ளப் போகாதே. அங்கேயும் எவனாவது அப்பா என்ன செய்தார் என்று கேட்பான். இங்கே நிலவரம் இதுதான்: காட்டேஜ்காரர் ஆள் அனுப்பி நல்லம்மாவின் காட்டை விலைக்குக் கேட்டுவிட்டார். தடம் இல்லாத காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டானாம் வந்தவன். பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது. பறித்தால் ஊரைச் சுற்றித்தான் சுமந்து வர வேண்டும். அவளுக்கு முட்டி வலி. மேல்முறையீடு செய்யலாம், மறுபடி கமிஷனரை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், கொடுத்தாலும் கொடுப்பார்கள், மறுத்தாலும் மறுப்பார்கள் என்று நீதான் சொன்னாய். அதற்கான நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு வக்கீலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அவன் வேண்டாம்னு சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்" என்கிறாள்.

இதுவரை எழுதியதைத் தபாலில் போடுவதற்கு முன் நேற்று தலைச்சோலைக்குப் போய் அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் பெயர் வருகிறது அல்லவா, அவளுக்குத் தெரியாமல் எப்படி அனுப்புவது. மந்திரி மச்சான் வந்த இடத்தில் சிரித்தாள். யானையில் இளநீர் வந்த இடத்தில், "அன்னைக்கு உங்களைக் கொன்னுபோடலாம்னு இருந்துச்சுங்ணா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். ஜீப்பில் உன் அப்பன் பேசிய இடத்துக்கு வந்தபோது சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, முந்தானையில் ஒட்டியிருந்த காப்பி இலையை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"எல்லாம் இருக்கட்டுமுங்ணா. அந்தக் கடேசிப் பேச்சை மட்டும் எடுத்துப்போடுங்க. நானும்தானே ஜீப்புல இருந்தேன்."

இருந்தாள். பின்சீட்டில் உன் அப்பனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். இத்தனை வருசம் நான் உனக்குச் சொன்ன கதையில் அவளுக்கு இடமே கொடுக்கவில்லை. கொடுத்தால் ஒரு சாட்சி இருந்துவிடும்.

"பையன் தைரியமாப் படிக்கட்டும்னு சொன்னது" என்றேன்.

"தைரியமா வந்துச்சு? பாரமாப் போச்சு" என்றாள். "பல்பர்க்குட்டியை வரச் சொல்லி நீங்க கெஞ்ச வேண்டாம். வந்தா ஜீப்பை விட்டு எறங்கச் சொல்லுங்க, அது போதும்."

எழுதியதைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. மேலே அது அப்படியே இருக்கட்டும். நடந்ததைக் கீழே எழுதிவிடுகிறேன். உன் அப்பன் கறுப்புக் கோட்டு என்று சொல்லவில்லை. மெட்ராஸ் என்ற பேச்சே அவன் வாயில் வரவில்லை. என் தோளையும் தொடவில்லை. எந்த வளைவிலும் இல்லை. அதனால்தான் வளைவு மாறிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை கண் திறந்து, "நல்லம்மா, பல்பரை நிப்பாட்டியாச்சா?" என்று கேட்டான். "நாந்தானுங்க நிப்பாட்டுனேன், தண்ணியும் அடைச்சுட்டேன்" என்றாள். "செரி" என்றான். அவ்வளவுதான். அவன் உடலை வீட்டில் இறக்கி வைத்த பிறகு நீ என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டாய். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஒரு மெஷினைப் பற்றிக் கேட்டான் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அந்த இடத்தில் வாய்க்கு வந்ததுதான் ஐகோர்ட். இதையும் நேற்று நல்லம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "அவருக்குப் பையனைப் பத்தி என்னங்ணா கொறை? அவன் உங்க ஊட்ல நல்லா இருப்பான்னு தெரியும். பல்பர் மேலதான் சந்தேகம், அதைக் கேட்டாரு" என்றாள்.